மெனோபாஸ் வயதில் நடையா, யோகாவா, டம்பெல்லா, பார்பெல்லா?

"டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்." நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களிடம் உடற்பயிற்சி பற்றிக் கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் இதுதான். நம் நாட்டில் மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கியதும் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேகம் பிடிக்கின்றன. அதை ஒட்டிய சில ஆண்டுகளில் முதுகெலும்பின் அடர்த்தி ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் வரை போய்விடும். தசையும் சேர்ந்தே கரையும். எந்தப் பயிற்சி இதைத் தடுக்கும் என்பதை வைத்துத்தான் இங்கே எடை போடுகிறேன்.

நடை: சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், மனசு எல்லாவற்றுக்கும் நல்லது. 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்ததையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் பழகாத பாரம் ஏறினால்தான் எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். நாற்பது வருடமாக நடக்கிற காலுக்கு நடை புதுப் பாரமே இல்லை. முதுகெலும்புக்கு அதனால் கிடைப்பது மிகக் கொஞ்சம்.

யோகா: விருட்சாசனமும் வீரபத்ராசனமும் தடுமாறாமல் நிற்கப் பழக்கும். விழாமல் இருந்தாலே பாதி எலும்பு முறிவுகளுக்கு இடமில்லை என்பதால் இதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எளிதில் முறியும் அளவுக்கு எலும்பு மெலிந்த நிலை, இருப்பது உறுதியானவர்கள் பஸ்சிமோத்தாசனம் போல முதுகை வளைத்துக் குனிகிற ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை 1984-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், முன்பக்கம் வளையும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் புதிய முறிவுகள் வந்தன. பின்பக்கம் நிமிரும் பயிற்சி செய்தவர்களில் அது 16 சதவீதம்தான்.

வீட்டில் பேண்ட், டம்பெல்: பேண்ட் என்பது இழுத்துப் பயிற்சி செய்கிற ரப்பர் பட்டை. விலை குறைவு, பையில் சுருட்டி வைத்து ஊருக்கும் எடுத்துப் போகலாம். ஆனால் எத்தனை கிலோ இழுக்கிறோம் என்று தெரியாது. கூட்டிக்கொண்டே போக வேண்டிய பயிற்சிக்கு அது பெரிய குறை. டம்பெல்லில் கணக்கு தெளிவாக இருக்கும். பலரும் 2 கிலோவிலேயே நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம். 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வைப்பவர், 30 கிலோவை ஒட்டிய நிறை சிலிண்டரை நகர்த்துபவர், அவருக்கு 2 கிலோ எந்த மூலைக்கு? பத்து முறை தூக்கினால் கடைசி இரண்டு முறை திணற வேண்டும். திணறல் போனால் எடையைக் கூட்ட வேண்டும். தூக்கும் முறையையும் கேனிலேயே பழகலாம். கேன் பாதங்களுக்கு நடுவே இருக்கட்டும், இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகை வளைக்காமல் இறங்கி, பிடித்தபின் தரையைக் காலால் அழுத்தி மூச்சை விட்டபடி எழ வேண்டும். ஜிம்மில் டெட்லிஃப்ட் என்பது இந்த அசைவைத்தான்.

ஜிம்மில் பார்பெல்: இரண்டு முனையிலும் எடை மாட்டித் தூக்குகிற நீளக் கம்பி இது. ஆதாரம் கனமாக இருப்பது இந்தப் பக்கம்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த 'லிஃப்ட்மோர்' ஆய்வு 2018-ல் வெளியானது. அதில் இருந்தவர்கள் எலும்பு அடர்த்தி குறைந்த, 58 வயதைத் தாண்டிய 101 பெண்கள். ஒரு குழு வாரம் இரண்டு நாள், அரை அரை மணி நேரம் டெட்லிஃப்ட், ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் எடை தூக்குவது, கம்பியிலிருந்து குதித்து இறங்குவது என்று செய்தது. ஒருமுறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல், ஒரு செட்டுக்கு ஐந்து முறை என ஐந்து செட். இன்னொரு குழு வீட்டில் லேசான பயிற்சி செய்தது. எட்டு மாதத்தில் கனமாகத் தூக்கியவர்களுக்குக் கீழ் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. தூக்கிய குழுவில் ஒருவருக்கு லேசான முதுகுப் பிடிப்பு வந்ததோடு சரி. ஆனால் முதல் மாதம் லேசான எடையில் முறையைப் பழகியபின், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கத்தான் எல்லாமே நடந்தது. அப்படிச் சொல்லித்தருபவர் இல்லாமல், பெண் என்றதும் டிரெட்மில்லைக் காட்டுகிற ஜிம்முக்குப் பணம் கட்டாதீர்கள். ஆம்பளை உடம்பு வந்துவிடும் என்ற பயமும் வேண்டாம், தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அவ்வளவு நமக்குச் சுரப்பதில்லை.

என் தேர்வு: நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் பார்பெல். கிடைக்காவிட்டால் எடை கூட்டக்கூடிய டம்பெல், வாரம் இரண்டு நாள். மற்ற நாட்களில் நடையும் நிற்கும் ஆசனங்களும் தொடரட்டும். சாப்பாட்டில் புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). அறுபது கிலோ பெண்ணுக்கு அது சுமார் 50 கிராம், ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். பருப்பு, சுண்டல், தயிர், மீன் எல்லாம் தட்டில் கூட வேண்டும்.

ஏற்கெனவே முறிவு ஏற்பட்டவர்கள், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிட்ட மதிப்பு) மைனஸ் 2.5-க்குக் கீழே வந்தவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், கருப்பை இறக்கமோ இருமினால் சிறுநீர்க் கசிவோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் பேசிவிட்டு எடையைத் தொடுங்கள்.