கீமோவோடு நிறுத்துவதா, ஸ்டெம் செல் மாற்று செய்வதா? ஏஎம்எல் நோயில் மரபணு போடும் கணக்கு

ரத்தப் புற்றுநோய் வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களின் குடும்பங்கள் சீக்கிரமே பழகிவிடும். இருவருக்கும் ஏஎம்எல் நோய்தான், அதாவது எலும்பு மஜ்ஜையில் தொடங்கி வேகமாகப் பெருகும் ரத்தப் புற்றுநோய். ஏறக்குறைய ஒரே வயது. முதல் கீமோவிலேயே இருவருக்கும் நோய் அடங்கிவிட்டது. அப்புறம் ஒருவரிடம், "இன்னும் மூன்று சைக்கிள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்" என்கிறார் டாக்டர். இன்னொருவரிடம், "கூடப் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? எச்எல்ஏ பொருத்தம் பார்க்க வேண்டும்" என்கிறார். ஸ்டெம் செல் கொடுப்பவரின் அணுக்கள் நோயாளிக்கு ஒத்துப்போகுமா என்று பார்ப்பதுதான் அது. "எங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய சிகிச்சை?" என்று ஒரு பக்கம் பயம். "எங்களுக்கு ஏன் அது வேண்டாம் என்கிறார்கள், கைவிட்டுவிட்டார்களோ?" என்று மறுபக்கமும் பயம். விடை பெரும்பாலும் புற்றணுக்களின் மரபணு ரிப்போர்ட்டில் இருக்கிறது.

ரத்தத்தை உருவாக்கும் மூல அணுக்களான ஸ்டெம் செல்களை இன்னொருவரிடமிருந்து எடுத்து ஏற்றுவதைப் பார்த்தால் இதற்கா இவ்வளவு என்று தோன்றும். ரத்தம் ஏற்றுவது போலத்தான் ஒரு சிவப்புப் பை ஸ்டாண்டில் தொங்கும், சொட்டுச் சொட்டாக இறங்கும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். கொடுத்தவரின், அதாவது டோனரின், நோய் எதிர்ப்பு அணுக்கள் உள்ளே போய், கீமோவுக்குத் தப்பி ஒளிந்திருக்கும் புற்றணுக்களைத் தேடி அழிக்கும். கீமோவால் தர முடியாத பலன் இது. ஆனால் அதே அணுக்கள் நோயாளியின் தோல், குடல், ஈரல் எல்லாவற்றையும் அந்நியம் என்று நினைத்துத் தாக்கலாம். கிருமித் தொற்று வேறு. புற்றுநோய் திரும்பாமலேயே, இந்தச் சிகிச்சையின் பின்விளைவால் உயிரிழப்பவர்களும் உண்டு. எனவே, நோய் திரும்பும் ஆபத்து பெரிதா, சிகிச்சையின் ஆபத்து பெரிதா என்று ஒவ்வொருவருக்கும் தனியாக எடை போட வேண்டியிருக்கிறது.

கணக்கின் இரண்டு ஓரங்களில் குழப்பம் குறைவு. 8, 21 ஆகிய குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டிருந்தாலோ, 16வது குரோமோசோமின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருந்தாலோ, கீமோ நன்றாகவே கேட்கும். நோய் அடங்கிய உடனே மாற்று சிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை. 2009இல் 24 ஆய்வுகளில் இருந்த 6,007 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். இப்படி நல்ல வகையில் வருபவர்களுக்கு முதல் ரெமிஷனில், அதாவது நோய் முதல்முறை அடங்கியிருக்கும்போது, மாற்று செய்து லாபமில்லை, நடுத்தர, மோசமான வகைகளுக்கு லாபம் உண்டு என்று தெரிந்தது. மறு ஓரத்தில் நிற்பது டிபி53. இந்த மரபணு கெட்டிருந்தால் கீமோவும் சரியாக எடுபடாது, மாற்று செய்த பின்னும் நோய் திரும்புவது அதிகம். ஆனாலும் நீண்டநாள் பிழைத்திருக்கும் சிலர் பெரும்பாலும் மாற்று செய்துகொண்டவர்களே.

சிக்கல் நடுவில்தான். என்பிஎம்1 மரபணுவில் நான்கே நான்கு எழுத்துகள் கூடுதலாக நுழைந்துவிடுவது, பெரியவர்களுக்கு வரும் ஏஎம்எல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் இருக்கிறது. எஃப்எல்டி3 மரபணுவில் ஒரு துண்டு இரட்டிப்பாகிவிடுவது இன்னொன்று. என்பிஎம்1 மட்டும் இருந்தால் கீமோ போதும், எஃப்எல்டி3 இரட்டிப்பும் சேர்ந்தால் மாற்று வேண்டும் என்பதே பல வருடங்களாக வழக்கம். அதாவது, முதல் நாள் ரிப்போர்ட்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதை வைத்தே முடிவு.

என்னைக் கேட்டால், முதல் நாள் பெயரைவிட இரண்டாவது சைக்கிளுக்குப் பிறகு எடுக்கும் ரத்தத்துக்கே அதிக மதிப்புத் தருவேன். என்பிஎம்1இன் அந்த நான்கு எழுத்துகள் ஓர் அடையாளக் குறி மாதிரி. ஒரு லட்சம் நல்ல அணுக்களுக்கு நடுவே ஒரே ஒரு புற்றணு இருந்தாலும் பிசிஆர் சோதனை பிடித்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் மஜ்ஜை சுத்தமாகத் தெரியும்போதே இந்தச் சோதனையில் மிச்சம் தெரியலாம். இதை எம்ஆர்டி என்பார்கள். 2016இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வில், இரண்டாவது சைக்கிளுக்குப் பின் ரத்தத்தில் மிச்சம் இருந்தவர்களில் 82 சதவீதத்தினருக்கு 3 வருடத்துக்குள் நோய் திரும்பியது. மிச்சம் இல்லாதவர்களில் அது 30 சதவீதம்.

சரி, மிச்சம் இருந்தால் மாற்று காப்பாற்றுமா? 2024இல் வெளியான பிரிட்டன் ஆய்வு இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. மிச்சம் இருந்தவர்களில், முதல் ரெமிஷனில் மாற்று செய்துகொண்டவர்கள் 61 சதவீதம் பேர் 3 வருடம் கழித்து உயிரோடு இருந்தார்கள். செய்யாதவர்களில் 24 சதவீதமே. மிச்சம் இல்லாதவர்களிலோ மாற்று செய்தவர்கள் 79, செய்யாதவர்கள் 82 சதவீதம். எஃப்எல்டி3 இரட்டிப்பும் சேர்ந்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்தபோதும், மாற்றின் லாபம் மிச்சம் இருந்தவர்களுக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது. குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த ஒப்பீடு இல்லை இது. அதனால் எஃப்எல்டி3 என்ற பெயரைப் பார்த்தே மாற்றுக்கு அனுப்பும் டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு சோதனையைச் செய்யாமலேயே முடிவெடுத்தால் எனக்கு மனது ஒப்பாது.

மாற்று என்று முடிவானால் அடுத்த கேள்வி, அதற்கு முன் போடும் கீமோ முழு வீரியத்திலா, குறைந்த வீரியத்திலா என்பது. அமெரிக்காவில் இரண்டையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட ஓர் ஆய்வின் ரத்த மாதிரிகளை மரபணு சோதனை செய்து 2020இல் வெளியிட்டார்கள். மாற்றுக்கு முன் மரபணு மிச்சம் இருந்தவர்களில், முழு வீரியம் பெற்றவர்களுக்கு 3 வருடத்தில் 19 சதவீதம் நோய் திரும்பியது. குறைந்த வீரியத்தில் 67 சதவீதம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் புற்றுநோய் ஆய்வுகளில் அடிக்கடி பார்க்க முடியாது. வயதானவர்களின் உடம்பு முழு வீரியத்தைத் தாங்காது என்பது வேறு விஷயம். தாங்கக்கூடியவருக்கு, மிச்சம் இருக்கும்போது, வீரியத்தைக் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

மாற்று முடிந்த பின் சாப்பிடும், எஃப்எல்டி3ஐ அடக்கும் மாத்திரையிலும் இதே கதை. 356 பேரிடம் கில்டெரிடினிப் மாத்திரையையும் போலி மாத்திரையையும் ஒப்பிட்டபோது, மொத்தக் கணக்கில் வெற்றிக் கோட்டைத் தொடவில்லை. மாற்றுக்கு முன்போ பின்போ மிச்சம் காட்டியவர்களுக்குப் பலன் தெரிந்தது.

டோனர் விஷயத்தில் மட்டும் கணக்கு வேறு. "இந்த மரபணு மாற்றம் பிள்ளைகளுக்கும் வருமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். என்பிஎம்1, எஃப்எல்டி3 மாற்றங்கள் வாழும் காலத்தில் மஜ்ஜையில் உண்டானவை, பரம்பரையாக வருவதில்லை. ஆனால் டிடிஎக்ஸ்41 என்ற மரபணுவின் மாற்றம் பிறப்பிலேயே வந்ததாக இருக்கலாம். அப்படியானால், பொருத்தம் சரியாக இருக்கும் தங்கையிடமும் அதே குறை இருக்க வாய்ப்பு உண்டு. அவருடைய ஸ்டெம் செல்லைக் கொடுத்தால், பின்னாளில் அதிலிருந்தே லுக்கேமியா முளைக்கக்கூடும். கூடப் பிறந்தவர்தான் முதல் தேர்வு என்ற பழைய விதி இங்கே செல்லாது. ரிப்போர்ட்டில் டிடிஎக்ஸ்41 என்று கண்டால், ஸ்டெம் செல் எடுப்பதற்காகத் தங்கைக்கு முதல் ஊசி போடும் முன், அவருடைய மரபணுவையும் பார்த்தாயிற்றா என்று தயங்காமல் கேளுங்கள்.