மார்க்டவுன்-இட் (markdown-it) ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி: நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கிடலாம்

மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவின்னு நம்ம மாவட்டத்து டூரிஸ்ட் சைட்டுக்கு எல்லாத்தையும் மார்க்டவுன்ல (சின்னச் சின்ன குறி போட்டு எழுதுற சாதா டெக்ஸ்ட்) எழுதி இந்த லைப்ரரி வச்சுதான் வெப் பேஜா மாத்துறோம், சூப்பரா இருக்கு மக்கா. பெரிய பிளஸ் என்னன்னா இமேஜ், லிங்க், ஹெட்டிங் எல்லாத்துக்கும் தனித்தனி ரெண்டரர் ரூல் (எது எப்படி ஹெச்டிஎம்எல்லா மாறணும்னு சொல்ற ஃபங்ஷன்) வச்சுக்கிடலாம், நாங்க இமேஜ் ரூல்ல மட்டும் கை வச்சு டோக்கன்ல (டெக்ஸ்ட்ட பிரிச்சா கிடைக்கிற துண்டு) loading-அ lazy-ன்னு செட் பண்ணிட்டு, அதாவது படம் கண்ணுக்கு வர்ற நேரத்துல லோடானா போதும்னு சொல்லிட்டு, மிச்சத்த பழைய ரூல்கிட்டயே விட்டுட்டோம், ஆல்ட் டெக்ஸ்ட்ட (படத்துக்கு பதிலா வர்ற விவரம்) அதுவே பாத்துக்கிடும், டெக்ஸ்ட்ட பிரிக்கிற பார்சர தொடவே வேண்டாம். அட்ரஸ வரிவரியா எழுதினா ஒரே வரியா ஒட்டிக்கிடும், பிரேக்ஸ் ஆப்ஷன ட்ரூ ஆக்கிருங்க. எழுதுறவங்க போடுற ஹெச்டிஎம்எல்ல அப்படியே பேஜ்ல விடுற ஹெச்டிஎம்எல் ஆப்ஷன் டிஃபால்ட்டா ஆஃப்லதான் இருக்கும், வெளியாளுங்க எழுதுற சைட்டுன்னா தயவுசெஞ்சு அத ஆன் பண்ணாதீங்க. டோக்கன் விஷயம் புரிய கொஞ்சம் டைம் எடுக்கும், அவங்க டெமோ பேஜ்ல டிபக் அமுக்கி பாருங்க, நல்லா தெளிவா தெரியும்.