தீவனக் கடை தானியத்துல விஸ்கி ஊறல்: எந்தப் பையை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

முதல்லயே சொல்லிடறேன், இது நியூசிலாந்துல இருக்கறவங்களுக்கு மட்டும். இங்க 1996ல இருந்து சொந்த உபயோகத்துக்கு வீட்ல காய்ச்சிக்க சட்டப்படி அனுமதி இருக்கு, ஆனா ஒரு பாட்டில் கூட விக்கக் கூடாது. தமிழ்நாட்டுல, இலங்கைல, ஏன் பக்கத்துல இருக்கற ஆஸ்திரேலியால கூட லைசென்ஸ் இல்லாம காய்ச்சினா குற்றம், அங்க இருக்கறவங்க தயவுசெஞ்சு இதைப் படிச்சுட்டு அடுப்பு மூட்டிடாதீங்க.

நான் இருக்கறது ஹாமில்டன் பக்கம். வைகாட்டோன்ற இந்தப் பகுதி முழுக்க மாட்டுப் பண்ணை, மக்காச்சோளம் இங்கயே விளையுது, ரோட்டோரமா தீவனக் கடைங்க நெறைய. ப்ரூ ஷாப்ல (வீட்ல பியர், சரக்கு போடறவங்களுக்கான கடை) ஃப்ளேக்டு மெயிஸ்னு, அதாவது அவல் மாதிரி நசுக்கின மக்காச்சோளத்தை, சின்னச் சின்ன பாக்கெட்ல விக்கறதை விட தீவனக் கடைல கிலோ விலை பாதிக்கும் கீழ வரும், அதனால ஊறல் போடற ஆளுங்க எல்லாரும் ஒருநாள் இல்லன்னா ஒருநாள் அந்தக் கடை வாசல்ல போய் நிப்பாங்க. நானும் ரொம்ப நாளா அங்கதான் வாங்கறேன், ஒவ்வொரு பையா வாங்கிப் பாத்ததுல எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன்.

நம்ம ஊர் ஊறல்ல வெல்லம், வேலம்பட்டைன்னு போடுவாங்க, வெல்லத்துல சர்க்கரை ரெடியா இருக்கு, ஈஸ்ட் நேரா சாப்ட்டுடும். தானியம் அப்படி இல்ல. அதுல இருக்கறது ஸ்டார்ச், அதை வேக வெச்சு, முளைகட்டின பார்லியில இருக்கற என்சைமை வெச்சு சர்க்கரையா மாத்தினாத்தான் ஈஸ்ட் தொடும். அதனால தீவனம் வாங்கும்போது பாக்க வேண்டியது ஸ்டார்ச் எவ்ளோ இருக்கு, தானியத்தைத் தவிர வேற என்னெல்லாம் கலந்திருக்கு, கெட்டுப் போயிருக்கா, இந்த மூணுதான். பை மேல குதிரைப் படம் போட்டிருக்கா கோழிப் படம் போட்டிருக்கான்றது முக்கியமே இல்ல.

என் ஓட்டு கிபிள்ட் மெயிஸுக்கு. அதாவது காஞ்ச மக்காச்சோளத்தை குருணையா உடைச்சு 20, 25 கிலோ பையில கட்டி கோழிக்கும் மாட்டுக்கும் விக்கறது. லேபிள்ல பாத்தா மெயிஸ்னு ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கணும், அதுக்கு மேல ஒண்ணும் இருக்கக் கூடாது. தீவனச் சோளம்னா (இனிமே சோளம்னு நான் சொல்றதெல்லாம் மக்காச்சோளம்தான்) மட்டம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது தப்பு, அமெரிக்கால பேர்பன் விஸ்கி காய்ச்சற பெரிய டிஸ்டில்லரிங்க வாங்கறதும் மஞ்ச டென்ட் கார்ன்தான், மாட்டுக்குப் போடறதும் அதே வகைதான். முழு மணியாப் பாத்தா உச்சியில சின்னக் குழி விழுந்திருக்கும். நாம வேகவெச்சு வெண்ணெய் தடவித் தின்ற ஸ்வீட் கார்ன் இதுக்கு ஆகாது, அதுல ஸ்டார்ச் கம்மி. டென்ட் கார்ன்ல ஈரம் போக எழுபது சதவீதம் கிட்ட ஸ்டார்ச்.

கிபிள்ட் மெயிஸ்ல ஒரே குறை, குருணை ரொம்பப் பெருசா இருக்கும். ஒரு சோள மணி நாலா அஞ்சா உடைஞ்சிருக்கும், அவ்ளோதான். அப்படியே வேக வெச்சா வெளிய கஞ்சியாயிடும், உள்ள கல்லு கணக்கா நிக்கும். கையால சுத்தற மில்லுல இன்னொரு தடவை போட்டு ரவை பதத்துக்கு உடைச்சுக்கறது நல்லது. மாவாக்கிடாதீங்க, வடிகட்டும்போது துணி அடைச்சுக்கிட்டு உயிர் போயிடும். வெந்துச்சான்னு பாக்க நான் தெர்மாமீட்டரை மட்டும் நம்பறதில்ல, ஒரு குருணையை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு நசுக்குவேன், நடுவுல வெள்ளையா கடுக்குனு ஒரு புள்ளி தட்டுப்பட்டா இன்னும் வேகணும், வழவழன்னு போயிடுச்சுன்னா சரி. 85 டிகிரிக்கு மேல ஒரு மணி நேரமாவது வேணும், பெரிய குருணைன்னா அதுக்கும் மேல. கிளறிக்கிட்டே இருங்க, அடிப்பிடிச்சா அந்தக் கருகல் வாசனை கடைசி பாட்டில் வரைக்கும் கூட வரும். கொதிக்கற மக்காச்சோளக் கஞ்சி தெறிச்சா தோல் உரிஞ்சிடும், முழுக்கை சட்டை போட்டுக்கோங்க.

30 லிட்டர் பக்கெட்டுக்கு நான் போடற கணக்கு: 5 கிலோ குருணை, 1.2 கிலோ முளைகட்டின பார்லி, 20 லிட்டர் தண்ணி. அந்த முளைகட்டின பார்லியை, அதாவது மால்ட்டை மட்டும் ப்ரூ ஷாப்ல வாங்கறேன், அதுல கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. சோளம் வெந்ததும் 65 டிகிரிக்கு ஆறவிட்டு, அப்புறம்தான் மால்ட்டை உடைச்சுப் போடணும், சூடு ஜாஸ்தியா இருந்தா என்சைம் செத்துடும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அப்படியே சூடு எறங்காம மூடி வெச்சா கெட்டிக் கஞ்சி தண்ணியா இளகறதைக் கண்ணால பாக்கலாம், எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அது அதிசயம்தான். ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தட்டுல விட்டு மேல அயோடின் வைங்க, கருநீலமாச்சுன்னா ஸ்டார்ச் இன்னும் பாக்கி இருக்கு, அயோடின் நிறம் மாறாம இருந்தா முடிஞ்சுது. (அந்தச் சொட்டைத் திரும்ப பக்கெட்ல ஊத்தாதீங்க.) அப்புறம் 30 டிகிரிக்குக் கீழ ஆறினதும் ஈஸ்ட். எனக்கு ஊறல்ல 7, 8 சதவீதம் ஆல்கஹால் வருது. பெரிய ஆலைங்க ஒரு டன் சோளத்துல 400 லிட்டர் கிட்ட சுத்த ஆல்கஹால் எடுக்கறாங்க, அந்தக் கணக்குல நம்ம வீட்டு ஊறல்ல கொஞ்சம் வீணாத்தான் போகுது, ஆனா தீவனச் சோளம் விலைக்கு அது பெரிய நஷ்டமில்ல.

வேக வெக்கற வேலை வேணாம்னா குதிரைக்கு விக்கற ஸ்டீம் ஃப்ளேக்டு மெயிஸ் இருக்கு. ஆவியில வேக வெச்சு ரோலர்ல நசுக்கினது, ஸ்டார்ச் ஏற்கனவே வெந்திருக்கறதால சூடான தண்ணியில ஊற வெச்சு மால்ட் போட்டாப் போதும். விலை ஜாஸ்தி, நேரம் மிச்சம். ஆனா சில பிராண்டுல தூசி பறக்காம இருக்க எண்ணெயோ மொலாசஸோ (சர்க்கரை ஆலையில மிஞ்சற கருப்புப் பாகு) தெளிச்சிருப்பாங்க, கையில எடுத்துத் தேய்ச்சுப் பாருங்க, பிசுபிசுன்னு ஒட்டினா வேணாம்.

அடுத்தது நொறுக்கின பார்லி. இது பெரும்பாலும் கேன்டர்பரி பக்கம் விளையறது, கன்னுக்குட்டிக்கும் ஆட்டுக்கும் வாங்குவாங்க. ருசின்னு பாத்தா எனக்கு சோளத்தை விட இதுதான் பிடிக்கும், பிஸ்கட் வாசனையோட வரும். ஆனா இது முளைகட்டாத பார்லி, இதை மட்டும் போட்டு ஊறல் வெச்சா சர்க்கரை ஒழுங்கா மாறாது, மால்ட்டோ கடைல விக்கற என்சைமோ கண்டிப்பா வேணும். பிசின் கணக்கா கொழகொழன்னு ஆகும், வடிகட்டறது பெரும்பாடு, அதனால சோளத்தோட கால் பங்கு சேத்துக்கறதோட நிறுத்திக்கறேன். உடைக்காத முழு பார்லி கிடைச்சா வீட்லயே முளைகட்டலாம்னு சில பேர் ஆசைப்படுவாங்க, செய்யலாம், முதல்ல 100 மணியை எண்ணி ஈரத்துணியில மூணு நாலு நாள் வெச்சு எத்தனை முளைக்குதுன்னு பாருங்க. தீவன பார்லியை சூடா உலர்த்தியிருந்தா முளை செத்திருக்கும், பாதி கூட முளைக்கலன்னா அந்தப் பையை வெச்சு மெனக்கெடாதீங்க.

கோதுமை பரவால்ல, நுரை பொங்கும், பக்கெட்ல இடம் விட்டு வைங்க. ஓட்ஸ் வேணாம், உமியும் எண்ணெய்ச் சத்தும் ஜாஸ்தி, ஸ்டார்ச் கம்மி, கொஞ்சமா வேணும்னா சேக்கலாம்.

இப்ப எதைத் தொடக் கூடாதுன்றதுக்கு வரேன், இதைத்தான் எல்லாரும் கவனமாப் படிக்கணும்.

தெரிஞ்ச தம்பி ஒருத்தர் கேட்டாரு, "அண்ணே, கோழிப் பெல்லட்ல (அரைச்சு குச்சி குச்சியா அழுத்தின தீவனம்) பாதிக்கு மேல தானியம்தானே, அதையே போட்டா ஆகாதா?" ஆகாது தம்பி. முட்டைக் கோழி பெல்லட்ல ஓடு கெட்டியாக சுண்ணாம்புக்கல் பொடி இருக்கும், அது ஊறலோட புளிப்பைக் குறைச்சு என்சைமையும் ஈஸ்ட்டையும் தடுமாற வெக்கும். புரதத்துக்கு சோயா, சில பிராண்டுல மாமிச எலும்புத் தூள் கூட கலக்கறாங்க, மாடு ஆடுகளுக்குப் போடக் கூடாதுன்னு பையிலயே அச்சடிச்சிருக்கும், அதைக் காய்ச்சினா வர்ற நாத்தத்தை யோசிச்சுக்கோங்க. குஞ்சுகளுக்கான ஸ்டார்ட்டர் தீவனத்துல ரத்தக் கழிச்சல் நோய்க்கு மருந்து கலந்திருக்கும். மருந்து கலந்த எந்தத் தீவனமும் வேணாம், ஆவியில ஏறுமா ஏறாதான்னு ஆராய்ச்சியே வேணாம்.

குதிரைக்கு விக்கற ஸ்வீட் ஃபீட் ஒரு இடைப்பட்ட கேஸ். சோளம், பார்லி, ஓட்ஸ், மேல மொலாசஸ். அமெரிக்கால கிராமத்து ஆளுங்க இதுல காய்ச்சறது ரொம்ப நாள் பழக்கம், வர்ற சரக்கு லேசா ரம் வாசனையோட நல்லாத்தான் இருக்கும்னு சொல்றாங்க. ஆனா இன்னிக்கு பையில வர்றதுல உப்பு, தாது உப்புக் கலவை, வைட்டமின் பெல்லட், பூஞ்சை புடிக்காம இருக்க ப்ரோபியானிக் ஆசிட் இதெல்லாம் சேருது, அந்த ஆசிட் அளவு கூடினா ஈஸ்ட்டுக்கும் ஒத்துக்காது. வெறும் தானியமும் மொலாசஸும் மட்டும் இருக்கற பை கிடைச்சா சரி, இல்லன்னா குருணை வாங்கி மொலாசஸைத் தனியா நாமளே ஊத்திக்கலாம், என்ன கலந்திருக்குன்னு நமக்குத் தெரியும்.

விதைத் தானியம் கூடவே கூடாது. விதைப்புக்குன்னு விக்கற சோளம், கோதுமைக்கெல்லாம் பூஞ்சைக்கொல்லி, பூச்சிமருந்து பூசி வெச்சிருப்பாங்க, யாரும் தெரியாம தின்னுடக் கூடாதுன்னுதான் ரோஸ், சிவப்பு, நீலம்னு சாயம் ஏத்தறாங்க. தானியத்துல இயற்கைக்கு மாறா நிறம் தெரிஞ்சா, கழுவிட்டாப் போயிடும்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

அடுத்தது பூஞ்சை. பையைத் திறந்ததும் முகத்தைக் கிட்டக் கொண்டு போய் மோந்து பாருங்க. நல்ல சோளம்னா இனிப்பா, காஞ்ச மாவு வாசனை வரும். மக்கின வாசனை, பச்சையோ சாம்பலோ பூத்த கட்டி, உள்ள கைவிட்டா சூடு, இதுல எது இருந்தாலும் திருப்பிக் குடுங்க. ஒரு கடைல எனக்கு ஓரமெல்லாம் ஈரம் கோத்து கட்டி கட்டியா இருந்த பையைத் தள்ளிவிட்டாங்க, திருப்பிக் கேட்டப்போ கோழிக்குத் தானே, ஒண்ணும் ஆகாதுன்னு பதில். கோழிக்கும் அது விஷம்தான், எனக்கு அந்தப் பதில் இன்னிக்கு நினைச்சாலும் கோவம் வருது. பூஞ்சை பிடிச்ச சோளத்துல அஃப்ளாடாக்சின்ற நச்சு உருவாகலாம், அது காய்ச்சும்போது ஆவியோட மேல வராது, அடியிலயே தங்கிடும், ஆனா அங்கதான் அடுத்த ஆபத்து. ஸ்டார்ச் எல்லாம் போயி மிஞ்சற சக்கையில அந்த நச்சு ஏறக்குறைய மூணு மடங்கு அடர்த்தியாயிடும், அந்தச் சக்கையைத்தான் நாம கோழிக்குப் போடறோம். நல்ல தானியத்துச் சக்கைன்னா கோழிங்க ஆசையா கொத்தும், ஒரு நாள் ரெண்டு நாள்ல புளிச்சு நாறிடும், அதுக்குள்ள போட்டுடுங்க.

மெத்தனால் பத்தி நம்ம ஆளுங்க எல்லாருமே கேக்கறாங்க, கேக்கணும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில 60 பேருக்கு மேல செத்தாங்க, அந்தக் குடும்பங்களை நினைச்சா மனசு ஆறாது. அது தானியம் புளிச்சதுல வந்த விஷம் இல்ல, தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்ததால வந்தது. தானிய ஊறல்ல மெத்தனால் ரொம்ப ரொம்பக் கம்மி, பழத்தோல்ல இருக்கற பெக்டின்ல இருந்துதான் அது கொஞ்சம் கூடுதலா வரும். இருந்தாலும் முதல்ல சொட்டறதைப் பிடிச்சு கொட்டிடுங்க, அதுல பெயிண்ட் தின்னர் நெடி அடிக்கும். வீட்ல நிஜமான ஆபத்து தீதான். ஆல்கஹால் ஆவி சட்டுனு பத்திக்கும், திறந்த நெருப்பு வேணாம், காத்தோட்டமான இடத்துல வைங்க, ஓடிட்டிருக்கும்போது பக்கத்தை விட்டு நகராதீங்க.

வாங்கற நேரம்: இங்க சோளம் அறுவடை ஏப்ரல்ல இருந்து ஜூன், ஜூலை வரைக்கும், அதுக்கப்புறம் வர்ற புதுச் சரக்குப் பையாப் பாத்து தேதி கேட்டு வாங்குங்க. முழு மணியா வாங்கினா மாசக்கணக்குல நிக்கும், உடைச்ச குருணை சீக்கிரம் சிக்கு வாசனை அடிச்சிடும், வண்டும் விழும். மலிவா இருக்குன்னு நாலஞ்சு பை அடுக்காம ஒரு பை வாங்கி, மூடி இறுகற டிரம்ல கொட்டி, சிமெண்ட் தரையில நேரா வெக்காம பலகை மேல வைங்க.