‘மீ டூ’ சொன்னால் சிவப்பு விழும் ஸ்போக்கன் இங்கிலீஷ் ஆப்

ஆண்டுச் சந்தாவைப் பாதி விலைக்குக் குறைத்திருக்கிறார்கள். ஆபீஸில் தம்பி ஒருவர் “அண்ணே, நீங்க ரொம்ப நாளா வச்சிருக்கீங்களே, போடலாமா?” என்று கேட்கிறார். எத்தனை பாடம், ஆஃப்லைனில் ஓடுமா என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு பாடத்தைப் பற்றி: அடுத்தவர் சொன்னதை ‘ஸோ டூ ஐ’, ‘நைதர் டூ ஐ’ என்று இரண்டு மூன்று சொல்லில் ஆமோதிக்கும் பாடம்.

தேவையான பாடம்தான், அதில் சந்தேகமில்லை. தூத்துக்குடியில் எனக்கு ஷிப்பிங் ஆபீஸ் வேலை. இங்கிலாந்தில் ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்து ஏஜென்ட் அம்மா போனில் ‘ஐ ஹேவன்ட் சீன் த பி.எல்.’ என்பார். பி.எல். என்றால் சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது. இங்கிருந்து யாராவது ‘யெஸ் மேடம், மீ ஆல்சோ’ என்றால் எதிர்முனையில் சத்தமே இருக்காது. பார்த்துவிட்டோம் என்கிறோமா, பார்க்கவில்லை என்கிறோமா? ‘நைதர் ஹேவ் ஐ’ என்றால் வேலை முடிந்தது. அவர் ஹேவ் போட்டால் நாமும் ஹேவ், கேன் போட்டால் கேன். துணைவினையே இல்லையென்றால் டூ, டஸ், டிட்.

இதில் ஒரு பயிற்சி பிரமாதம். ‘ஐ’ட் லைக் டு சீ த இன்வாய்ஸ்’ என்று குரல் வரும். ‘ஸோ வுட் ஐ’ என்று சொல்ல வேண்டும். அடுத்து ‘ஐ’ட் ஆல்ரெடி சீன் இட்’. இதற்கு ‘ஸோ ஹேட் ஐ’. இரண்டிலும் காதில் விழுவது அதே ‘ட்’தான். பின்னால் லைக் வருகிறதா, சீன் வருகிறதா என்று பிடித்தால்தான் வுட்டா ஹேடா என்று தெரியும். வேகத்தைக் குறைக்கவும் வழியில்லை. முதலில் கடுப்பாக இருந்தது. இப்போது பஸ்ஸில் போகும்போது இதைத்தான் போட்டுக் கேட்கிறேன்.

அப்புறம் அந்தச் சிவப்பு. ‘ஐ லைக் டீ’ என்று குரல் சொல்லி, நான் ‘மீ டூ’ என்றால் தப்பு. ‘ஐ டோன்ட் லைக் டீ’க்கு ‘மீ டூ’ என்றாலும் தப்பு. இரண்டாவது நிஜமாகவே தப்பு, அங்கே ‘மீ நைதர்’ வர வேண்டும். முதலாவதில் என்ன குற்றம்? அந்த ஏஜென்ட் அம்மாவே நாளெல்லாம் ‘மீ டூ’ என்றுதான் பேசுகிறார். கடிதத்தில் எழுதாதே என்று சொன்னால் நியாயம். பேச்சுப் பயிற்சியில் சிவப்பு போட்டால்? சரி, ‘மீ நைதர்’ சொல்லிப் பார்க்கலாம் என்றால் அதற்கும் சிவப்பு. ‘ஐ டோன்ட் ஐதர்’ சுத்தமான இலக்கணம், அதுவும் சிவப்பு. ஆப்பின் மண்டையில் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. சிவப்பு விழுந்த கேள்வி மறுநாள் காலையில் மறுபடி வந்து நிற்கும். புகார் எழுதினேன், ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று வந்தது. எந்த வெர்ஷனிலும் மாறவில்லை.

இன்று காலையும் அதே டீ, அதே சிவப்பு. அந்த எரிச்சலிலேயே எழுதுகிறேன்: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். பாதி விலைக்கும் வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். என் சந்தாவை நேற்றே புதுப்பித்தாயிற்று, அது வேறு விஷயம். மீறி வாங்குகிறவர்கள் ஆட்டோ ரினியூவலை அணைத்து வையுங்கள். அடுத்த வருஷம் முழு விலையை எடுத்துக்கொள்வார்கள்.