திருவிழாக் கூட்டத்தில் லங்கர் கட்டை: பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்

மாசி மகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்தத் திருவிழாவுக்கும் போகிறவர்கள், தயவுசெய்து இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். இந்தத் தை மாதம் பெண்ணையாற்றில் நடந்த ஆற்றுத் திருவிழாவில் என் அக்கா மகன், லங்கர் கட்டை என்று படம் போட்ட கட்டைகளை உருட்டிச் சூதாட்டம் நடத்துகிறவர்களிடம் 1,850 ரூபாயை விட்டுவிட்டு வந்தான். பன்னிரண்டு வயசுப் பையன். அவனுடைய பொங்கல் காசு 350, மீதி 1,500 எங்கள் அம்மாவின் போனிலிருந்து ஜிபேயில் போனது. அந்தப் பணம் திரும்பி வரவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. பொங்கல் முடிந்து தை ஐந்தாம் நாள் கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும். மணல் முழுக்கக் கடைகள், ராட்டினம், வளையல், பொம்மை, பலூன் சுடுகிற இடம். சுருளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை. எங்கள் அம்மாவும் கிழங்கு வாங்கத்தான் பேரனிடம் போனைக் கொடுத்து அனுப்பினார். அம்மாவுக்கு ரீசார்ஜ் போட்டுக் கொடுப்பதே அவன்தான் என்பதால் பின் நம்பர் அவனுக்குத் தெரியும்.

கடைகள் முடிந்து வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் தரையில் ஒரு ரெக்சின் விரிப்பு. அதில் ஆறு கட்டம், கட்டத்துக்கு ஒரு படம்: கிரீடம், நங்கூரம், ஆட்டின், இஸ்பேட், டைமன், கிளாவர். அதே ஆறு படமும் போட்ட மூன்று கட்டைகளை ஒரு டப்பாவில் குலுக்கிக் கவிழ்ப்பார்கள். நாம் காசு வைத்த படம் விழுந்தால் காசு நமக்கு, விழாவிட்டால் அவர்களுக்கு. சுற்றி நாலைந்து ஆட்கள் நூறும் இருநூறுமாகக் கட்டி ஜெயித்துக்கொண்டே இருந்தார்களாம். சாயங்காலம் நான் தேடிக்கொண்டு போனபோது, அப்படி ஜெயித்தவரில் ஒருவர் கட்டைக்காரருக்கு டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு விரிப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே கூட்டத்து ஆட்கள்.

பையனை முதலில் பத்து ரூபாய் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஜெயித்தான். நங்கூரம் இரண்டு கட்டையில் விழுந்தபோது இருபது கொடுத்தார்கள். அந்த இருபதைப் பற்றிச் சொல்லும்போது இப்போதும் அவன் முகம் மாறுகிறது. அப்புறம் தோற்க ஆரம்பித்தான். கையிலிருந்த காசு தீர்ந்ததும் விரிப்பின் மூலையில் இருந்த க்யூஆர் அட்டையைக் காட்டி, "போன்ல அனுப்பு தம்பி, நோட்டா தர்றேன்" என்றிருக்கிறார் அந்த ஆள். முதலில் 200, அடுத்து 300, அப்புறம் இரண்டு முறை 500. நடுவில் 100 ரூபாய் கட்டியபோது கிரீடம் இரண்டு கட்டையில் விழுந்திருக்கிறது. 200 கேட்டிருக்கிறான். "ஐம்பதுக்கு மேல கட்டினா ஒத்தைக்கு ஒத்தைதான் தம்பி, கேட்டுட்டுக் கட்டணும்ல" என்று 100 மட்டும் கொடுத்தார்களாம். பெரியவர்கள் யாராவது கட்டியிருந்தால் அந்த இடத்தில் சண்டை வந்திருக்கும். பன்னிரண்டு வயசுப் பையன் என்ன செய்வான்? போன காசைப் பிடிக்க அடுத்த ஆட்டம் ஆடினான்.

இந்த ஆட்டத்தின் கணக்கைப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அவன் என்னிடம் சொன்னது இதுதான்: "ஆறு படத்துல மூணு வருது சித்தி, பாதிக்குப் பாதி சான்ஸ்." பார்த்தால் அப்படித்தான் தோன்றும், அந்த நினைப்பில்தான் எல்லோரும் கட்டுகிறார்கள். ஆனால் மூன்று கட்டைகள் மொத்தம் 216 விதமாக விழலாம். அதில் 125 விதங்களில் நம் படம் ஒரு கட்டையில்கூட இருக்காது. 75 விதங்களில் ஒரு கட்டையில் இருக்கும், 15 விதங்களில் இரண்டில், ஒரே ஒரு விதத்தில் மூன்றிலும். இரண்டு விழுந்தால் இரண்டு பங்கு, மூன்று விழுந்தால் மூன்று பங்கு என்று ஒழுங்காகக் கொடுத்தாலும் நமக்கு வருவது 108 பங்கு, போவது 125. 216 ஆட்டத்துக்கு 17 பங்கு நஷ்டம். கட்டுகிற ஒவ்வொரு நூறிலும் சராசரியாக எட்டு ரூபாய் அவர்களுக்குப் போய்விடும். ஒத்தைக்கு ஒத்தை என்று அவர்கள் மாற்றிய கணக்கில் வருவது 91 பங்குதான். அதாவது நூற்றுக்குக் கிட்டத்தட்ட பதினாறு ரூபாய் நஷ்டம். கட்டையில் எந்தத் தில்லுமுல்லும் செய்யாமலே இது. சோர்வில்லாமல் ஆடிக்கொண்டிருந்தால் மிச்சமும் போகத்தான் செய்யும்.

நான் போய்க் கேட்டேன். "விளையாட்டுதானேக்கா, நாங்க கூப்பிட்டமா?" என்றார். சின்னப் பையனிடம் வாங்கியிருக்கிறீர்களே என்றதும், வயசு எனக்கெப்படித் தெரியும் என்றார். அரை டிராயர் போட்ட பையனைப் பார்த்து வயசு தெரியவில்லையாம். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரரை அழைத்துக்கொண்டு திரும்புவதற்குள் விரிப்பும் இல்லை, ஆட்களும் இல்லை. ஜிபேயில் பணம் போன பெயர் ஒரு பெண்ணின் பெயராக இருந்தது. வங்கியில் கேட்டதற்கு, பின் போட்டு நீங்களே அனுப்பிய பணம் என்று கையை விரித்துவிட்டார்கள்.

எங்கள் தெருவில் இருக்கிற வக்கீல் அண்ணன் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தயம் செல்லாத ஒப்பந்தம். ஜெயித்த காசை அவர்கள் தரவில்லை என்று எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. பொது இடத்தில் சூதாட்டம் நடத்துவது 1930-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டப்படி குற்றம், அந்த வழியில் போலீஸில் புகார் கொடுக்கலாம். லாட்டரியை 2003-லேயே தமிழ்நாட்டில் தடை செய்தார்கள், மூணு நம்பர் சீட்டு இன்னும் ரகசியமாக ஓடுகிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு 2025 ஆகஸ்ட்டில் சட்டம் போட்டுத் தடுத்தது. சட்டங்கள் இருக்கின்றன. பிள்ளை அந்த விரிப்புக்கு முன்னால் நிற்கிற நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியது நாம்தான்.

இனி வீட்டு விஷயம். இதை எழுத முக்கியக் காரணமே அதுதான். காணும் பொங்கலன்று எங்கள் வீட்டில் எல்லோரும் கூடுவோம். மத்தியானம் சாப்பிட்டதும் தாழ்வாரத்தில் தாயம் உருட்டுவது தாத்தா காலத்துப் பழக்கம். ஆட்டத்துக்கு இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய். சில வருடமாகப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஐபிஎல் வந்தால் சென்னை ஜெயிக்குமா என்று பத்து ரூபாய். திருவிழா விஷயம் தெரிந்த அன்று ராத்திரி அண்ணனுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். "அஞ்சு ரூபா பந்தயத்துக்கும் அந்தத் திருட்டுப் பசங்களுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டில் ஆடினால்தான் தோற்கப் பழகுவார்கள். வெளியே போய் ஏமாறாமல் இருப்பார்கள்" என்பது அண்ணன் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. தோற்கத் தெரியாத பிள்ளை பின்னால் கஷ்டப்படும்தான்.

ஆனால் வீட்டில் எந்தப் பிள்ளையும் தோற்பதே இல்லை. ஐந்து ரூபாய் போனதும் கண் கலங்கும். ஆயா, அதாவது எங்கள் அம்மா, சுருக்குப் பையைத் திறந்து, "அழாதடா ராசா" என்று பத்து ரூபாயாகக் கொடுப்பார். தாத்தா தான் ஜெயித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மாமா வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பார். எல்லாம் பாசம்தான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் வருடா வருடம் அந்தப் பிள்ளையின் மனதில் பதிவது, போன காசு எப்படியும் திரும்பி வரும், இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும் என்பது. லங்கர் கட்டைக்காரர் பிழைப்பதே அந்த நினைப்பில்தான். "நாலு ஆட்டம் தோத்துட்ட, அஞ்சாவது உனக்குத்தான்" என்று அவர் சொன்னபோது எங்கள் பையன் நம்பியதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அவனையே கேட்டேன். "ஆயா மாதிரி அவரும் கடைசியில கொடுத்துடுவார்னு நெனச்சேன் சித்தி" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதனால் என் கருத்து இதுதான்: ஆட்டம் இருக்கட்டும், காசு வேண்டாம். ஐந்து ரூபாயும் வேண்டாம். தாயமும் பல்லாங்குழியும் நம் வீட்டுச் சொத்து, அதை ஏன் விட வேண்டும்? புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது தோற்றவர் மறுநாள் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும், ஆண் பிள்ளையானாலும் சரி, மாமாவானாலும் சரி. தோற்றால் தோற்றதுதான், ஆயா வந்து போட்டுத் தர முடியாது. அண்ணன் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஐபிஎல் பத்து ரூபாயைப் பற்றி இன்னும் பேச்சு ஓடுகிறது. நான் விடப்போவதில்லை.

பெரியவர்களின் போனில் பின் நம்பரை இன்றே மாற்றிவிடுங்கள். யுபிஐ லைட் போட்டிருந்தால் சின்னத் தொகைக்குப் பின் நம்பரே கேட்காது, அதையும் பாருங்கள். பணம் போய்விட்டது என்று பிள்ளை வந்து சொன்னால் முதலில் அடிக்காதீர்கள். எங்கள் பையன் பயந்துகொண்டு மறைத்ததில்தான் நேரம் போனது. ஆயா போனுக்கு வங்கி மெசேஜ் வந்த பிறகுதான் வாயைத் திறந்தான். பணம் போன பெயரையும் நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பக்கம் அந்த ஆறு படம் போட்ட விரிப்பைப் பார்த்தால் அங்கேயே நின்று சண்டை போடாதீர்கள். அதைச் சுருட்ட அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். கொஞ்சம் தள்ளிப் போய் 100-க்குப் போன் பண்ணி, எந்த இடம், எத்தனை பேர், பிள்ளைகள் இருக்கிறார்களா என்று சொல்லுங்கள்.