அச்சில் வந்த பிழையா, கையில் பட்ட அடியா?

என்னிடம் ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெண்கலக் காலணா இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் ஓரத்தில் பிறை வடிவத்தில் ஒரு துண்டு இல்லை. ஒன்று நாணயச்சாலையிலேயே அப்படி வந்தது. இன்னொன்றை யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள். நாணயச்சாலைப் பிழையோடு வந்த காசுக்கான கூடுதல் விலை கொடுத்து நான் முதலில் வாங்கியது ராவினதைத்தான்.

எடை போட்டுப் பார்த்துப் புண்ணியமில்லை. முழுக் காசு 4.86 கிராம், இரண்டுமே அதற்குக் குறைவாகத்தான் காட்டும். லென்ஸ்தான் வழி. தகட்டிலிருந்து வில்லை, அதாவது இன்னும் அச்சடிக்காத வெறும் வட்டத் துண்டு, வெட்டும்போது, முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே வெட்டு விழுந்தால் பிறை குறைகிறது. அந்த வில்லை அப்புறம்தான் அச்சுக்குப் போகிறது. அழுத்தத்தில் உலோகம் காலியிடம் பார்த்து நகர்வதால், வெட்டை ஒட்டிய எழுத்து இழுபட்டு மழுங்கியிருக்கும். நேர் எதிர்ப்பக்க விளிம்பும் பெரும்பாலும் மங்கலாக இருக்கும். ராவிய காசில் எழுத்து பாதியில் நறுக்கென்று நிற்கிறது. எதிர் விளிம்புக்கு ஒரு குறையும் இல்லை.

இதைவிடப் பெரிய வலை, ஒரு பக்கம் ராஜா தலை சரியாகவும் மறுபக்கம் அதே தலை குழிந்து இடவலம் மாறியும் இருக்கும் காசு. அச்சடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லை அதன்மேல் அழுந்தி இப்படி ஆகும். ‘புரோக்கேஜ்’ என்பார்கள், விலையும் அதிகம். பட்டறை வைஸில் இரண்டு காசை வைத்து நெரித்தாலும் குழிந்த தலை கிடைக்கும். ஆனால் அதன் அடியில் பழைய பக்கத்து எழுத்துகள் நசுங்கிக் கிடக்கும். அசலில் அந்த எழுத்தின் சுவடே இருக்காது.

கோடுகள் விஷயம் எளிது. விரிசல் விட்ட அச்சு காசில் மேடான கோட்டைத் தரும். கீறல் பள்ளமாக இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். நடுவில் துளையா? 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா என்றால் சரி, விக்டோரியா ரூபாயில் இருந்தால் யாரோ கழுத்தில் கட்டியது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ராவிய காலணாவைக் கடைக்குத் திரும்ப எடுத்துப்போய் லென்ஸோடு காட்டினேன். கடைக்காரர் நிதானமாகப் பார்த்துவிட்டு, “அரம் போட்டதும் ஒரு பிழைதானே சார்?” என்றார்.