பள்ளி ஆய்வு: இங்கிலாந்து முறையா, ஸ்காட்லாந்து முறையா?

ஒரே தீவுதான், ஆனாலும் பள்ளியின் தரத்தை இங்கிலாந்து பார்க்கும் விதம் வேறு, ஸ்காட்லாந்து பார்க்கும் விதம் வேறு. ஆய்வாளர்கள் வகுப்பில் உட்காருவதும், நோட்டைப் புரட்டுவதும், பிள்ளைகளிடம் பேசுவதும் இரண்டிலும் உண்டு. எனக்கு ஸ்காட்லாந்து முறைதான் சரியென்று படுகிறது. அங்கே முதலில் பேசுவது பள்ளி.

2015இல் வந்த ஸ்காட்லாந்தின் சுயமதிப்பீட்டுக் கையேட்டில் 15 தரக்குறியீடுகள் உள்ளன. முழு ஆய்வில் முக்கியமாக எடுப்பவை நான்கு: 1.3 மாற்றத்துக்கான தலைமை, 2.3 கற்றல் கற்பித்தல், 3.1 நலமும் சமத்துவமும், 3.2 தேர்ச்சி. இவற்றுக்குப் பள்ளியே ஆறு படிகளில் தனக்குத் தரம் போட்டு, ஆதாரத்தை எடுத்து வைக்கும். புள்ளிவிவரம்; பெற்றோர், பிள்ளைகள், ஆசிரியர்கள் ஆகியோரின் கருத்து; நேரடிக் கவனிப்பு என்று மூன்று வழியில் ஆய்வாளர் அதைச் சரிபார்ப்பார். ‘அடுத்து எதைத் திருத்த வேண்டுமென்று பிள்ளைகளுக்குத் தெரியும்’ என்று 2.3இல் எழுதியிருந்தால், வகுப்பில் ஒரு பிள்ளையிடமே கேட்டுவிடலாம். ‘கையெழுத்து அழகா இருக்கணும்’ என்பதற்கு மேல் பதில் வராவிட்டால் ‘மிக நன்று’ நிற்காது. எங்கே வேலை பாக்கி என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பள்ளிகள் சறுக்குவது பெரும்பாலும் சுயமதிப்பீட்டை எழுதுவதில்தான். நடத்திய பயிற்சிகளை வரிசையாக அடுக்குவார்கள்; அதனால் பிள்ளைகளிடம் என்ன மாறியது என்பது இருக்காது.

இங்கிலாந்தில் பள்ளி ஆய்வு நடத்தும் அமைப்பான ஆஃப்ஸ்டெட் 2024 வரை அரசுப் பள்ளிகளுக்கு ஒற்றைச் சொல்லில் மொத்தத் தீர்ப்பு கொடுத்தது. ‘போதாது’ என்று வந்தால், உள்ளாட்சிப் பொறுப்பிலுள்ள பள்ளியை அகாடமியாக (உள்ளாட்சியின் கையை விட்டு ஓர் அறக்கட்டளை நடத்தும் அரசு நிதிப் பள்ளியாக) மாற்ற உத்தரவு வந்தது. அப்படியொரு நிலையில் எந்தத் தலைமையாசிரியர் குறையை வாய்விட்டுச் சொல்வார்? ரெடிங் நகரத் தலைமையாசிரியர் ரூத் பெரி 2023 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்டதில் ஆய்வுக்கும் பங்குண்டு என்று மரண விசாரணை தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் முதல், பிள்ளைகளின் பாதுகாப்பு தவிர, ஒவ்வொரு அம்சத்துக்கும் தனித்தனியாக ஐந்து படித் தரம் வருகிறது. நல்ல மாற்றம்தான், பலனைச் சொல்ல இன்னும் காலம் வேண்டும்.

முன்னறிவிப்பிலும் வித்தியாசம் உண்டு: இங்கிலாந்தில் திங்கட்கிழமை போன் வந்தால் மறுநாள் ஆய்வு, ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ இரண்டரை வாரம்.

ஸ்காட்லாந்தின் பெரிய குறை இடைவெளி. பத்தாண்டுக்கு மேல் ஆய்வே நடக்காத பள்ளிகள் உண்டு. இங்கிலாந்தில் வழக்கமாக நான்கு ஆண்டுக்கொருமுறை. ஸ்காட்லாந்து அறிக்கையைக் கையில் எடுத்தால் முதலில் தேதியைப் பாருங்கள். அதற்குப் பிறகு தலைமையாசிரியர் மாறியிருந்தால் 1.3இன் தரத்தை ஒதுக்கிவிட்டு, பள்ளி ஆண்டுதோறும் வெளியிடும் முன்னேற்ற அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.